மஞ்சள் சட்டைகளுக்குள் ஒரு மஞ்சள்

அத்தியாயம் 4

“கேட்டைத் திறக்காதலே! இன்சூரன்ஸ்காரி வந்துட்டா, கூட ஒருத்தன வேற கூட்டிட்டு வந்திருக்கா!”

ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லில் இவாஞ்சலினுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். இரண்டாவது வரவேற்பு அவளுடைய உதவியாளன் முத்துப்பாண்டிக்குக் கிடைத்தது. கேட்டுக்கு மேலிருந்து ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் நேராக அவன் தலையில் வந்து விழுந்தது.

“நேத்துக் கொடையில மிஞ்சுனது, வச்சுக்கோ!” என்று உள்ளே ஒரு பெண் குரல் சிரித்தது.

முத்துப்பாண்டி முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். அவனுக்கு ஸ்கூட்டர் ஓட்ட வரும், பூட்டுத் திறக்க வரும், வாயை மட்டும் மூட வராது.

“முறைப்பொண்ணு ஊத்தியிருந்தா சந்தோசமா நனைஞ்சிருப்பேன்க்கா. ஆளு மூஞ்சியே தெரியாம ஊத்துறாளே, இது என்ன நியாயம்?”

“ஹாரன் அடில. நியாயத்தப் பொறவு பாக்கலாம்.”

இவாஞ்சலின் ஐம்பதைத் தொட்டவள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. துப்பறிவாளர் என்று போர்டு வைத்தால் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கத்தான் ஆள் வருகிறது என்பதால் போர்டே வைக்காதவள். எங்காவது நஷ்டம் என்று மனு வந்து, அதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவளை அனுப்பும். போகும் இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் அவளைத் திட்டுவார்கள். இந்த மில்லில் எல்லோரும் திட்டினார்கள்.

கேட்டுக்கு வெளியே பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஐயாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். “எங் கெணத்துல மீனெல்லாம் செத்து மெதக்குது. அந்த ஆசிட் தொட்டிய இடிச்சுத் தள்ளாம நான் வீட்டுக்குப் போக மாட்டேன். நீங்க யாரு, அவிய ஆளா?” என்று இவாஞ்சலின் மேலேயே பாய்ந்தார். அவர் கொடுத்த புகாரின் பேரில் அன்று சாயங்காலம் போலீஸ் ஜீப் வருவதாக இருந்தது.

ஜீப் யாரை ஏற்றிக்கொண்டு போகும் என்பதை மில் முதலாளி ஜெயசித்ரா முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தார்.

“பேட்டரி ஆபரேட்டர் நாகஜோதி. வால்வைத் திறந்து போட்டுட்டு மஞ்சத் தண்ணி விளையாடப் போயிட்டா. மொத்தத் தொட்டியும் காலி. இதுல துப்பறிய ஏமி உந்தி, என்ன இருக்கு? கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க.” ஆத்திரம் வந்தால் ஜெயசித்ராவுக்கு வீட்டுத் தெலுங்கும் சேர்ந்து வரும். உட்காரச் சொல்லவில்லை. ஏசியைக்கூட அணைத்துவிட்டார்.

“தொட்டியப் பாக்காம கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்கு இல்லம்மா” என்றாள் இவாஞ்சலின்.

மேனேஜர் ரிச்சர்ட் அவர்களைப் பேட்டரி கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார். வெளியூர்க்காரர், வாட்டசாட்டமான ஆள், சிடுமூஞ்சி. நடக்கும்போதே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன சார், நெஞ்சு வலியா?” என்றான் முத்துப்பாண்டி.

“வேர்க்குரு. உன் வேலையப் பாரு.”

மில்லின் கூரை முழுவதும் சோலார் பலகைகள். பகலில் கிடைக்கிற கரன்ட்டை ராத்திரி ஷிஃப்டுக்குச் சேர்த்து வைக்கத்தான் இந்த ஃப்ளோ பேட்டரி. நமக்குத் தெரிந்த பேட்டரி போலப் பெட்டிக்குள் அடங்குவது அல்ல இது. வனேடியம் என்ற உலோகத்தைக் கரைத்த அமிலம், வீட்டு உயரத்துக்கு இரண்டு தொட்டிகளில் நிற்கும். பம்பு அதைச் சுற்றவிடச் சுற்றவிடக் கரன்ட் ஏறும், இறங்கும். சார்ஜ் ஏறிவிட்டால் ஒரு தொட்டி மஞ்சளாகவும் மற்றது ஊதாவாகவும் இருக்கும். இறங்கிவிட்டால் மஞ்சள் நீலமாகும், ஊதா பச்சையாகும். நிறத்தைப் பார்த்தே பேட்டரியின் வயிறு நிறைந்திருக்கிறதா, காய்கிறதா என்று சொல்லிவிடலாம்.

நேற்று மில்லுக்குள் இருக்கும் மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழா. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன, வெயில் மட்டும் நிற்கவில்லை. பேட்டரி முழு வயிறாக இருந்தது. மதியம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் நீராட்டில் அத்தனை பேரும் கோயில் வாசலில் கூத்தடித்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் தொட்டி திறந்துகொண்டது. அமிலம் வாறுகால் சாக்கடை வழியாக ஐயாதுரை கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

“வாறுகால் நெறைய ஆசிட் ஓடியிருக்கு. ஒருத்தர் கண்ணுலயுமா படல?” என்று கேட்டாள் இவாஞ்சலின்.

“பட்டிருக்கும்க்கா” என்றான் முத்துப்பாண்டி தன் சட்டையைப் பிழிந்துகொண்டே. “மஞ்சத் தண்ணி ஓடுதுன்னு தாண்டிப் போயிருப்பாக. கொடை அன்னிக்கு வாறுகால்ல மஞ்சள் ஓடாம பாலா ஓடும்?”

இவாஞ்சலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சில சமயம் அவன் வாயிலிருந்து உபயோகமானதும் வரும்.

தொட்டியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தடுப்புச் சுவர் இருந்தது. ஒழுகினால் வெளியே போகாமல் பிடித்து வைக்க. அந்தச் சுவரிலும் ஒரு வால்வு, அதுவும் திறந்து கிடந்தது.

“தொட்டி வால்வை மறந்துட்டா சரி. இத எதுக்குத் தொறந்தா?”

“பொறுப்பில்லாதவ. ரெண்டையும் மறந்திருப்பா” என்றார் ரிச்சர்ட்.

“மறக்குறவங்க மூடத்தான் மறப்பாங்க சார். தொறக்க மறக்க மாட்டாங்க.”

ரிச்சர்ட் மறுபடி நெஞ்சைத் தேய்த்தார். இவாஞ்சலின் தொட்டி வால்வுக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். பீறிட்டு அடித்த மஞ்சள் இரண்டு பக்கமும் தெறித்திருந்தது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

“இந்த எடத்துல நின்னது யாரோ, சுவத்துல விழ வேண்டியத அவன் வாங்கிட்டுப் போயிருக்கான்.”

“அந்தப் பொண்ணுதான் நின்னிருப்பா. அவ மேல மஞ்சள் இருக்கு, போய்ப் பாருங்க” என்றார் ரிச்சர்ட். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தார். “எல்லார் மேலயும் இருக்கு.”

அதுதான் சிக்கல். மஞ்சள் கறையோடு ஒருவன் ஒளிந்துகொள்ள வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தோதானது. அவன் அந்த நாளைத்தான் பிடித்திருந்தான்.

நாகஜோதியைக் கழிவுப்பஞ்சு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். டிப்ளமோ படித்த பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சில் அழுகை இல்லை.

“நான்தான் தொறந்தேன்னு எழுதிக்கோங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க?”

“நீ தொறந்தியான்னு நான் இன்னும் கேக்கவே இல்லியே.”

“இங்க யாருமே கேக்கல. நேரா பூட்டிட்டாங்க.”

இவாஞ்சலின் ஒரு பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். “சரி, நான் கேக்குதேன். இந்தப் பேட்டரி ஒழுங்கா வேலை செஞ்சுச்சா?”

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மனமில்லை.

“மொதல்ல விடியுற வரைக்கும் தாங்கும். இப்ப சாமத்துக்கே மூச்சு வாங்குது. ரெண்டு தொட்டியிலயும் கலரும் வெளுத்துப் போச்சு, தண்ணி கலந்த மாதிரி. ஆபீஸ்ல நூறு வாட்டி சொல்லிட்டேன். பேட்டரிக் கம்பெனி இன்ஜினீயர் நாளைக்கு டெஸ்ட் பண்ண வாரார். அதுக்குள்ள இப்பிடி.”

“யாராவது அமிலத்த எடுத்துட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா?”

“ஊத்தலாம். வனேடியம் சும்மா கெடைக்கிறதில்லையே.”

“பேட்டரி படுத்துட்டா யாருக்கு லாபம்?”

“டீசல் சங்கையாவுக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துறது அவிய தான. பேட்டரி ஓட்டத் தொடங்குன பூசையிலயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாக. சாம்பிள் பாட்டில் மேலயே எலுமிச்சம்பழத்த அறுத்துட்டாங்க அன்னிக்கு. சாறு உள்ள விழுந்ததும் மஞ்ச நீலமாயிட்டு. பழத்துச் சாறு பட்டா அப்பிடித்தான் ஆகும்னு நான் சொல்லுதேன், ஒருத்தரும் காதுல வாங்கல. சாமி குத்தம்னு பாதிப் பேர் ஓடிட்டாங்க. சங்கையா மட்டும் சிரிச்சாக.”

“எலுமிச்சம்பழத்துக்கே பயப்படுற பேட்டரியா?” என்றான் முத்துப்பாண்டி.

நாகஜோதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “இந்தாளு எதுக்கு ஒங்களுக்கு?” என்று இவாஞ்சலினிடம் கேட்டாள்.

“பல நாளா நானும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்.”

கொடைக்கு முதலாளியம்மா ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். பருத்தியில் பிழைக்கிற ஊரில் பாலியஸ்டர் சட்டை. விலை குறைவு என்பதற்காக அவர் செய்த இந்தக் காரியம் இவாஞ்சலினுக்கு உதவியாக வந்து முடிந்தது. பருத்தியாக இருந்தால் அமிலம் பட்ட இடம் ஓட்டை விழுந்து, ஆள் நேற்றே சட்டையை எரித்திருப்பான். பாலியஸ்டர் தாக்குப்பிடிக்கும். சட்டையோடு இருப்பவன் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான்.

“எல்லா வெள்ளைச் சட்டையும் இங்க வரணும்” என்று அவள் துவைகல் பக்கத்தில் நின்று சொன்னதும் கூட்டம் கொதித்தது.

“எங்கள என்ன திருடன்னு நெனச்சீயளா?”

“துணி துவைக்க வந்திருக்காடோய்! அப்பிடியே என் வேட்டியையும் துவச்சுத் தரச் சொல்லு!”

ரிச்சர்ட் கையை உயர்த்தினார். “சத்தம் போடாதீங்க. என் சட்டைய மொதல்ல பாக்கட்டும்.” அறையிலிருந்து மடித்த சட்டையை எடுத்துவந்து கல்லின் மேல் போட்டார். மேனேஜரே போட்ட பிறகு மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள்.

இவாஞ்சலின் முத்துப்பாண்டியின் சட்டை நுனியை இழுத்து, நனைத்து, சோப்புக் கட்டியைத் தேய்த்தாள். மஞ்சள் குபீரென்று சிவந்தது.

“மஞ்சளோட சோப்பு சேந்தா செவக்கும். வீட்ல துணி துவைக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. பேட்டரி அமிலம் செவக்காது. செவக்காத சட்டை யாருதோ அவர் என்கூடப் பேசணும்.”

ரிச்சர்ட் சட்டை சிவந்தது. அடுத்தது சிவந்தது. அதற்கடுத்ததும் சிவந்தது. துவைகல்லைச் சுற்றி ஓடிய தண்ணீர் முழுவதும் சிவப்பாயிற்று. சிவக்காத சட்டை ஒன்றுகூட இல்லை. நாகஜோதியின் துப்பட்டாவும் சிவந்தது. அது மஞ்சள் மட்டும்தான் என்பதை ஜெயசித்ரா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கூட்டத்தில் விசில் பறந்தது. இவாஞ்சலினுக்கு முகம் சுட்டது.

“ஒரு சட்டை குறையுதுக்கா” என்றான் முத்துப்பாண்டி. “விருந்தாளியா வந்தவருக்கும் முதலாளியம்மா சட்டை கொடுத்திருக்காக. டீசல் சங்கையா. நேத்துப் பாதியிலயே கெளம்பிட்டாராம்.”

சங்கையா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். ஸ்கூட்டர் வன்னியம்பட்டிக்குப் பிரியும் விலக்கைத் தாண்டும்போது முத்துப்பாண்டி ஈரச் சட்டையில் நடுங்கிக்கொண்டே கேட்டான்.

“அக்கா, இந்தக் கேஸ் ஜெயிச்சா எனக்கு ஒரு சட்டை எடுத்துத் தருவீங்களா?”

“தோத்தா அந்தப் பொண்ணு உள்ள போகும். ஒனக்குச் சட்டை நெனப்பு.”

அவன் ஸ்கூட்டரை இன்னும் விரட்டினான். அவனுக்கும் நாகஜோதியின் வீங்கிய முகம் மனதை உறுத்தியது.

சங்கையா வீட்டுக் கதவில் சங்கிலியை மாட்டிக்கொண்டே பேசினார். “சட்டையா? கெடையாது. வாரன்ட் இருக்கா? இல்லேன்னா நடையக் கட்டுங்க.” சொல்லிவிட்டுக் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார்.

“வீட்டுக்கொடியில ஒரு துணியும் காணோம்க்கா. சலவைக்குப் போடுற வீடு” என்று முத்துப்பாண்டி தெருமுனையைக் காட்டினான்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சலவைக்கடை இருந்தது. கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

“சங்கையா அண்ணாச்சி சட்டைய வாங்கிட்டு வரச் சொன்னாக” என்றான் முத்துப்பாண்டி கொஞ்சமும் கூசாமல்.

“துவைக்கல. மஞ்சக் கறைய எவன் எடுப்பான்? கொண்டு போய் அவர் தலையிலயே கட்டு.”

சட்டை கைக்கு வந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு கார் கிரீச்சென்று வந்து ஸ்கூட்டரை மறித்தது. சங்கையா இறங்கினார். அடிக்கத்தான் வருகிறார் என்று முத்துப்பாண்டி இவாஞ்சலினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“அந்தப் பேட்டரி வந்த நாள்லேருந்து ஒரு ஃப்யூஸ் போனாக்கூட சங்கையாதான் பண்ணுனான்ங்குறாங்க” என்று சங்கையா கத்தினார். “எம் புள்ளைங்க காதுபடப் பேசுறாங்கம்மா. ஒங்க சோப்புச் சோதனையப் பத்தி இப்பத்தான் மில்லுலேருந்து போன் வந்துச்சு. வாங்க. மில்லுக்கே போவோம். எல்லார் முன்னாலயும் சோப்புப் போடுங்க. செவந்துச்சுன்னா எல்லார் முன்னாலயும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் இவாஞ்சலின். ஆனால் ஆள் இவர் இல்லை என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. பொய் சொல்கிறவன் இவ்வளவு கோபப்பட மாட்டான்.

சட்டை சிவந்தது.

மில்லே கைகொட்டியது. சங்கையா மார்பில் கைகட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கார் கேட்டின் நடுவில் குறுக்கே நின்றது, அதை நகர்த்த அவர் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

“மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி” என்றாள் இவாஞ்சலின், எல்லோருக்கும் கேட்கும்படி. “சந்தேகப்பட்டது என் தப்பு.” மன்னிப்புக் கேட்பதில் அவளுக்கு வெட்கமில்லை. நேரம் தீர்ந்துபோனதுதான் அவளைக் கொன்றது.

கேட்டுக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. கார் மறிப்பதால் இன்ஸ்பெக்டர் இறங்கி நடந்தே உள்ளே வந்தார். பஞ்சு அறையைத் திறந்து நாகஜோதியைக் கூட்டி வந்தார்கள். ஐயாதுரைகூட அவளைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

“கையெழுத்து” என்றார் ஜெயசித்ரா, பேனாவை நீட்டி.

“இதுக்கு மேல என்ன வேணும் மேடம் ஒங்களுக்கு?” என்று ரிச்சர்ட் சேர்ந்துகொண்டார். “நாங்க எல்லாரும் நல்லபடியாத்தான் ஒத்துழைச்சோம். என் மேலயும் தான் மஞ்சத் தண்ணி ஊத்துனாங்க. மொத ஆளா நான்தான் சட்டையக் கொடுத்தேன்.”

பேனாவை வாங்கப் போன இவாஞ்சலின் கை நின்றது.

“சார், ஒங்க மேல ஊத்துனது யாரு?”

“யாரோ. நம்ம மில் பொண்ணுங்கதான்.”

“எந்தப் பொண்ணு?”

“கூட்டத்துல யாரு பேரக் கேக்குறா?”

இவாஞ்சலின் பெண்கள் பக்கம் திரும்பினாள். முன்வரிசையில் நின்றவள் மாரிசெல்வி. காலையில் கேட்டுக்கு மேலிருந்து செம்பைக் கவிழ்த்தவள் அவள்தான்.

“ஏட்டி, நீ ஊத்துனியா மேனேஜர் மேல?”

மாரிசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அய்யய்யோ, அவிய மேலயா? அவியளுக்கும் எனக்கும் என்ன முறை? மச்சானா, கொழுந்தனா? முறையில்லாத ஆள் மேல ஊத்துனா வீட்டுல தோல உரிச்சிருவாக.”

“காலையில என் மேல ஊத்துனியே தாயி?” என்றான் முத்துப்பாண்டி, அந்தக் குரலைக் கண்டுகொண்டு.

“அது ஊத்துனது இல்ல. வெரட்டுனது.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இவாஞ்சலின் சிரிக்கவில்லை.

“வேற யாராவது ஊத்துனீங்களா? மேனேஜர் மேல?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்களும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையும் உயரவில்லை.

“நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொறந்து வளந்தவ” என்றாள் இவாஞ்சலின். குரல் தாழ்ந்திருந்தது. “எங்க தெருவுல வருசா வருசம் மஞ்சத் தண்ணி உண்டு. சின்னப்புள்ளையில நானும் வெள்ளைப் பாவாடையக் கட்டிக்கிட்டு வாசல்ல போய் நிப்பேன், எம் மேலயும் யாராவது ஊத்த மாட்டாங்களான்னு. ஒரு சொட்டு விழுந்ததில்ல. என்னச் சுத்தி வளைச்சு ஓடிப் போவாங்க. வெறுப்பு ஒண்ணும் இல்ல. வேதக்கார வீட்டுப் புள்ள, சர்ச்சுக்குப் போறவ, அவ யாருக்கு அத்தை மக, யாருக்கு மதினி? எனக்கு அப்ப அழுகை அழுகையா வரும்.” அவள் ரிச்சர்டைப் பார்த்தாள். “நீங்களும் என்னய மாதிரி வேதக்காரர். போதாததுக்கு வெளியூர். அதுக்கும் மேல மேனேஜர். ஒங்க மேல இங்க ஊத்த ஒரு ஆளு கெடையாது சார். அப்ப ஒங்க மேல மஞ்சத் தண்ணிய ஊத்துனது நீங்கதான். எதுக்கு?”

ரிச்சர்ட் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த கையைச் சட்டென்று இறக்கினார். “பைத்தியக்காரத்தனம். என் சட்டை செவந்துச்சுல்ல? எல்லாரும் பாத்தீங்கள்ல?”

“செவந்துச்சு. மஞ்சள் இருக்கிறதுனால செவந்துச்சு. அதுக்கடியில வேற எதுவும் இல்லன்னு சோப்பு சொல்லலியே. அது என் புத்திக்கு இப்பத்தான் எட்டுது. பாண்டி, ஒரு எலுமிச்சம்பழம்.”

முத்துப்பாண்டி கோயிலைப் பார்த்து ஓடினான். சூலத்தில் எலுமிச்சை குத்தியிருந்தது. அவன் கையை நீட்டியதும் பின்னாலிருந்து கத்தினார்கள். “சாமி பழத்துல கைய வைக்கிறான்டா! ஒடைலே கைய!”

இரண்டு பேர் அடிக்கப் பாய்ந்தார்கள். அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு மாரிசெல்வி முன்னால் போனாள். பழத்தை அவளே பிடுங்கினாள். “நாகஜோதிக்குத்தான? ஆத்தா கோவிக்க மாட்டா” என்று சொல்லி இவாஞ்சலின் கையில் வைத்தாள்.

இவாஞ்சலின் இரண்டு சட்டைகளைத் துவைகல்லில் விரித்தாள். சங்கையா சட்டை ஒன்று, ரிச்சர்ட் சட்டை ஒன்று. இரண்டிலும் சோப்புப் பட்ட இடம் சிவந்து கிடந்தது. சங்கையா சட்டையில் பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பியது.

“புளிப்புப் பட்டா மஞ்சள் மறுபடி மஞ்சளாகும். அவ்வளவுதான்.”

பிறகு ரிச்சர்ட் சட்டையில் பிழிந்தாள். அதுவும் மஞ்சளானது. ரிச்சர்ட் மூச்சை விட்டார். ஆனால் மஞ்சள் அங்கேயே நிற்கவில்லை. நெஞ்சுப் பக்கத்தில் ஓர் ஓரம் கறுத்தது போலத் தெரிந்து, மெல்ல மெல்லப் பச்சையாகிப் பரவியது.

நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்பதையும் மறந்து கத்தினாள். “வனேடியம்! எலுமிச்சை பட்டு அது நீலமாகுது. நீலமும் மஞ்சளும் சேந்துதான் பச்சை!”

“சார், ஒங்க சட்டைக்கு எலுமிச்சம்பழம்னா ஆகாது போல” என்றான் முத்துப்பாண்டி.

ரிச்சர்ட் கேட்டைப் பார்த்து ஓடினார். கேட்டின் குறுக்கே சங்கையாவின் கார் நின்றது. காரில் சாய்ந்துகொண்டு சங்கையாவும் நின்றார்.

“நகர மாட்டேன்” என்றார் சங்கையா. “காலையிலேருந்து கோவத்துல இருக்கேன், கிட்ட வராத.”

இன்ஸ்பெக்டர் ரிச்சர்டின் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சில் வேர்க்குரு இல்லை. தோல் வெந்து சிவந்திருந்தது.

ஜெயசித்ரா ரிச்சர்டின் முன்னால் வந்து நின்றார். “எதுக்கு ரிச்சர்ட்?”

நாகஜோதி சொன்னாள். “தொட்டியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வித்துட்டுத் தண்ணி ஊத்தியிருக்கார். நாளைக்கு டெஸ்ட் பண்ணுனா வெளிய வந்துரும். அதான் மொத்தத்தையும் தொறந்து விட்டுட்டு எம் மேல போட்டுட்டார்.”

“மொத்தத்தையும் எங்க விட்டார்? ஊதாத் தொட்டி அப்பிடியே இருக்கே” என்றார் ஜெயசித்ரா.

“விட முடியாதும்மா” என்றாள் இவாஞ்சலின். “வாறுகால்ல மஞ்சள் ஓடுனா கொடைத் தண்ணின்னு தாண்டிப் போவாங்க. ஊதாவா ஓடுனா ஊரே கூடிரும். அந்தத் தொட்டிக்கு சீல் வையுங்க இன்ஸ்பெக்டர். நாளைக்கு அந்த இன்ஜினீயர் அதையே டெஸ்ட் பண்ணட்டும். எம்புட்டுத் தண்ணின்னு அது சொல்லிரும்.”

ரிச்சர்டை ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது அவர் இவாஞ்சலினைப் பார்த்துக் காறித் துப்பினார். “நம்ம ஆளா இருந்துக்கிட்டு” என்றார்.

“சட்டை எந்த ஆளு சட்டைன்னு எலுமிச்சம்பழம் பாக்கல சார்” என்றாள் அவள்.

ஜெயசித்ரா நாகஜோதியிடம் வந்தார். கம்பீரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளப் பார்த்தார், அது அவருக்குச் சரியாக வரவில்லை. “நாளையிலேருந்து டியூட்டிக்கு வா.”

“வாரேன். ஐயாதுரை அண்ணாச்சி கெணத்தச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் பேட்டரியத் தொடுவேன்” என்றாள் நாகஜோதி. “ஒரு நாள் பூரா பூட்டி வச்சீங்க. நீ செஞ்சியான்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் மேடம். சட்டைக்குக்கூட ரெண்டு வாட்டி வாய்ப்புக் குடுத்தாங்க.”

ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மில்லில் அவர் தலை குனிந்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் சிவந்தும் சிவக்காமலும் கிடந்த சட்டைகளை முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கியது. கறைக்கு யார் பொறுப்பு என்று ஒருவன் இவாஞ்சலினிடமே சண்டைக்கு வந்தான். அவளுக்கு இது பழக்கம்தான். முத்துப்பாண்டி ஸ்கூட்டரை எடுத்தான், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏய், நில்லுங்க!”

நாகஜோதி கோயில் பக்கமிருந்து வேகமாக வந்தாள். கையில் ஒரு செம்பு. முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லை. கிட்டே வந்ததும் செம்பு முழுவதையும் இவாஞ்சலின் மேல் வீசி அடித்தாள். நேற்று மிஞ்சிய மஞ்சள் தண்ணீர் அவளுடைய வெள்ளைச் சேலையின் தோளிலிருந்து மடிவரை வழிந்தது.

“போய்ட்டு வாங்க மதினி” என்று சொல்லிவிட்டு நாகஜோதி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஸ்கூட்டர் ரோட்டுக்கு வந்து வெகுதூரம் போயிருந்தது. முத்துப்பாண்டி கண்ணாடியில் பார்த்தான். அக்கா அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, அதைச் சொன்னால் அடி விழும் என்றும் தெரிந்தது.

“நல்ல சேலைக்கா. போச்சே. சோப்புப் போடுவமா, எலுமிச்சம்பழம் வாங்குவமா?”

“ரெண்டும் வேண்டாம்ல” என்றாள் இவாஞ்சலின். “அப்பிடியே இருக்கட்டும்.”